அளவு தப்பிய சங்கிலிகள்: தலசீமியாவும் ராகமைப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வும்

கொழும்பு கோட்டையில் புகையிரதம் ஏறினால் மருதானை, தெமட்டகொடை, களனி என்று கடந்து ராகமையை அடைய அதிக நேரம் எடுப்பதில்லை. அங்கே கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையும் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடமும் இருக்கின்றன. தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிநோயுடன் பிறந்த பிள்ளைகளும் இளைஞர்களும் மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ள வந்துபோகும் இடங்களில் அதுவும் ஒன்று. அந்த மருத்துவபீடத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருப்பவர் சசித் மெத்தானந்த. இந்த நோயின் வேரைத் தேடி ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் வரை சென்று, பரம்பரையலகு ஒன்றின் வேலையைக் கூட்டவும் குறைக்கவும் முடியுமா என்று ஆராய்ந்தவர் அவர்.

அந்த ஆய்வு சொல்வது என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவியருக்கு மட்டுமான விடயம் அல்ல இது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது, அந்த வீட்டு உம்மாவும் வாப்பாவும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய விடயமும் இதற்குள் இருக்கிறது.

ஒரே புத்தகம், வேறு வேறு பக்கங்கள்

பரம்பரையலகு என்று நமது பாடநூல்கள் சொல்வதையே பத்திரிகைகள் மரபணு என்று எழுதுகின்றன. நமது உடலின் கலங்களில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றில் டீ.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியுமாக நாம் பெறும் இந்த இழையின் ஒரு தொகுதியை எழுத்தெழுத்தாக வாசித்தால் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் வரும். புரதங்களை ஆக்குவதற்கான குறிப்புகளாக அதற்குள் சுமார் 20,000 பரம்பரையலகுகள் இருக்கின்றன. இந்த முழுத் தொகுப்புக்கே ஜீனோம் என்று பெயர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கண்ணின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் இருப்பது ஒரே டீ.என்.ஏ. தான் என்றால், கண் ஏன் கண்ணாக இருக்கிறது, ஈரல் ஏன் ஈரலாக இருக்கிறது?

வீட்டிலே உம்மா எழுதி வைத்திருக்கும் சமையல் குறிப்புக் கொப்பியை நினைத்துப் பாருங்கள். நோன்புக் கஞ்சி, பிரியாணி, வட்டிலப்பம், மாசிச் சம்பல் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் யாரும் சமைப்பதில்லை. ரமழானில் ஒரு பக்கம் திறக்கும், பெருநாளில் இன்னொரு பக்கம் திறக்கும். நமது கலங்களும் அப்படித்தான். ஒவ்வொரு கலமும் தனக்குத் தேவையான பக்கங்களை மாத்திரம் திறந்து வாசிக்கிறது. மற்றவை மூடியே கிடக்கும். மூடிய பக்கம் திறக்கப்பட்டு, அதில் உள்ள குறிப்பின்படி புரதம் ஆக்கப்படுவதைத்தான் பரம்பரையலகின் வெளிப்பாடு என்கிறோம்.

பக்கத்தைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, அளவும் முக்கியம். வட்டிலப்பத்துக்கு முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி மூன்றும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். முட்டையைப் பாதியாகக் குறைத்துவிட்டுத் தேங்காய்ப்பாலை முழுதாக ஊற்றினால் அது இறுகாது. தவறு தேங்காய்ப்பாலில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. தலசீமியா நோயும் இப்படி ஒரு விகிதம் தப்புவதால் வருவதுதான்.

நான்கு சங்கிலிகளின் கணக்கு

குருதிக்குச் செந்நிறம் தருவதும் நுரையீரலிலிருந்து ஒட்சிசனைச் சுமந்து செல்வதும் ஈமோகுளோபின் என்னும் புரதம். வளர்ந்தவர்களின் ஈமோகுளோபினில் நான்கு சங்கிலிகள் பின்னியிருக்கின்றன. இரண்டு அல்பாச் சங்கிலிகள், இரண்டு பீற்றாச் சங்கிலிகள். அல்பாவுக்கான குறிப்பு 16 ஆம் நிறமூர்த்தத்திலும் பீற்றாவுக்கான குறிப்பு 11 ஆம் நிறமூர்த்தத்திலும் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு இடங்களில் இருந்தாலும், என்புமச்சையில் செங்குழியங்கள் உருவாகும் வேளையில் ஏறத்தாழச் சம அளவில் சங்கிலிகளை ஆக்குகின்றன.

பீற்றா தலசீமியாவில், பீற்றாச் சங்கிலிக்கான பரம்பரையலகில் விகாரம் ஏற்பட்டிருக்கும். அதனால் பீற்றாச் சங்கிலி குறைவாகவே உருவாகும், அல்லது உருவாகவே மாட்டாது. அல்பாச் சங்கிலியோ வழமைபோல் வந்துகொண்டே இருக்கும். சோடி கிடைக்காத அல்பாச் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, வளர்ந்துவரும் செங்குழியத்தை உள்ளிருந்தே அழித்துவிடுகின்றன.

இதை எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர் பிரித்தானிய மருத்துவர் டேவிட் வெதரோல். 1950களின் பிற்பகுதியில் கட்டாய இராணுவ சேவைக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டிருந்தபோது, கூர்க்காப் படைவீரர் ஒருவரின் மகள் கடும் குருதிச்சோகையுடன் இருப்பதை அவர் கண்டார். மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு உரிய நோய் என்று பலர் எண்ணியிருந்த தலசீமியா, நேபாளத்துக் குழந்தையிடம் இருந்தது. அன்று தொடங்கிய தேடலை அவர் வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1965 இல் ஜோன் கிளெக், மைக்கல் நோட்டன் ஆகியோருடன் சேர்ந்து, தலசீமியா நோயாளரின் கலங்களில் அல்பா, பீற்றாச் சங்கிலிகளின் உற்பத்தி சமநிலை குலைந்திருப்பதை அளந்து காட்டினார்.

இரு பெற்றோரிடமிருந்தும் குறைபாடுள்ள பீற்றாப் பரம்பரையலகைப் பெற்ற குழந்தை பிறக்கும்போது ஆரோக்கியமாகவே இருக்கும். சில மாதங்கள் சென்றபின் வெளிறத் தொடங்கும். மண்ணீரல் பெருக்கும். போதாத குருதியை ஈடுசெய்ய என்புமச்சை பெருத்து முகத்து எலும்புகள் விகாரமடையும். இரத்தம் ஏற்றாவிட்டால் அந்தக் குழந்தை சில வருடங்களுக்கு மேல் வாழ்வது அரிது.

இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றினால் குழந்தை வளரும். ஆனால் ஏற்றும் ஒவ்வொரு பையோடும் 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பு உடலுக்குள் போகிறது. மேலதிக இரும்பை வெளியேற்றும் வழி நமது உடலில் இல்லை. அது இதயத்திலும் ஈரலிலும் ஓமோன் சுரப்பிகளிலும் படிகிறது. பருவமடைதல் பிந்துவதும் நீரிழிவு வருவதும் இதயம் தளர்வதும் இதனால்தான். இரும்பை அகற்றுவதற்காக வாரத்தில் ஐந்து, ஆறு இரவுகள் தோலுக்குக் கீழே ஊசி பொருத்தி, சிறிய பம்பியின் மூலம் எட்டுப் பத்து மணித்தியாலம் மருந்து செலுத்துவது நீண்டகாலமாக இருந்துவந்த முறை. இப்போது வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் உண்டு. எதுவாயினும் அது வாழ்நாள் முழுவதற்குமான சிகிச்சை. ஒரு பிள்ளையின் பாடசாலை நாட்கள், ஒரு தந்தையின் வேலை நாட்கள், ஒரு தாயின் தூக்கம் எல்லாம் அந்த அட்டவணைக்குள் அடங்கிப்போகின்றன.

இலங்கைக்கு இது எப்படி வந்தது?

தலசீமியாவைக் காவுபவர்களுக்கு, அதாவது ஒரு பரம்பரையலகில் மாத்திரம் குறைபாடு உள்ளவர்களுக்கு, மலேரியாவின் கடுமையான தாக்கத்திலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. மலேரியா பலரைக் கொன்ற பிரதேசங்களில் இத்தகையவர்கள் கூடுதலாகப் பிழைத்து, தம் பிள்ளைகளுக்கும் அந்தப் பரம்பரையலகைக் கொடுத்தார்கள். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் பரவிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். குருநாகல், அநுராதபுரம் போன்ற பழைய மலேரியாப் பிரதேசங்களில் தலசீமியாவும் கூடுதலாகக் காணப்படுவது தற்செயல் அல்ல. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நோய் போய்விட்டது, அதற்கெதிராக உடல் தேடிக்கொண்ட கேடயம் மட்டும் நம் குருதியில் தங்கிவிட்டது.

இலங்கையர் சிலரும் வெதரோலின் குழுவினரும் இணைந்து செய்த ஆய்வொன்று 2000 ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. சாந்திமலா டி சில்வா என்ற பெண் ஆய்வாளரே அதன் முதலாவது ஆசிரியர். தலசீமியா நோயாளர்கள் 703 பேரின் குருதி மாதிரிகளும் சுமார் 1,600 பாடசாலை மாணவரின் மாதிரிகளும் அதில் ஆராயப்பட்டன. எந்த ஒரு காலத்திலும் 2,000 இற்கும் மேற்பட்ட நோயாளர்களுக்கு இலங்கை சிகிச்சை அளிக்க வேண்டியிருக்கும், அதற்குச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ 5 சதவீதம் தேவைப்படலாம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. பீற்றா தலசீமியாவோடு ஈமோகுளோபின் ஈ என்னும் இன்னொரு மாற்றமும் சேர்ந்து வரும் வகை, அந்த நோயாளரில் ஏறத்தாழ 40 சதவீதமாக இருக்கும் என்றும் அது மதிப்பிட்டது.

இரண்டு குறைகள் சேர்ந்தால்

இனி, மெத்தானந்தவின் ஆய்வுக்கு வருவோம். வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவந்த ஒரு விந்தை உண்டு. ஒரே வகையான பீற்றா விகாரம் உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் கடுமையாகவும் மற்றவருக்கு இலேசாகவும் இருக்கும். இலேசாக இருக்கும் சிலரைப் பரிசோதித்தால் அவர்களுக்கு இன்னொரு குறையும் இருப்பது தெரியும். அல்பாச் சங்கிலிக்கான பரம்பரையலகுகள் நம்மிடம் நான்கு உண்டு. அவற்றில் ஒன்றோ இரண்டோ அவர்களிடம் இல்லை.

ஒரு குறை நோயைத் தருகிறது. இரண்டு குறைகள் சேர்ந்தால் நோய் தணிகிறது. கேட்பதற்கு முரணாகத் தோன்றலாம். வட்டிலப்பக் கணக்கை மீண்டும் நினைத்தால் விளங்கும். பீற்றா குறைந்திருக்கும் கலத்தில் அல்பாவும் குறைந்துவிட்டால், சோடியற்ற அல்பாச் சங்கிலிகள் குறையும். கலம் அழிவதும் குறையும். இயற்கை தானாகவே செய்துகாட்டிய பரிசோதனை இது.

அப்படியானால், அல்பாவை நாமே வேண்டுமென்று குறைத்தால் என்ன? முழுவதும் அணைத்துவிடக் கூடாது. அல்பா அறவே இல்லாவிட்டால் உயிர் வாழ முடியாது. விளக்கின் திரியைச் சற்று உள்ளே இழுப்பது போல் குறைக்க வேண்டும். எப்படி?

அல்பாப் பரம்பரையலகுகளிலிருந்து சுமார் 40,000 எழுத்துகளுக்கு அப்பால், அதே 16 ஆம் நிறமூர்த்தத்தில், டீ.என்.ஏ. யின் ஒரு சிறு துண்டு இருக்கிறது. அது எந்தப் புரதத்துக்கும் குறிப்பு அல்ல. செங்குழியம் உருவாகும்போது டீ.என்.ஏ. இழை வளைந்து, இந்தத் துண்டு அல்பாப் பரம்பரையலகின் அருகே வந்து அதை வேகமாக வேலை செய்யத் தூண்டுகிறது. இத்தகைய பகுதிகளை ஊக்கித் துண்டுகள் என்று சொல்லலாம். புரதம் தராத டீ.என்.ஏ. பயனற்றது என்று ஒரு காலத்தில் எண்ணியவர்களும் உண்டு. ஒரு பரம்பரையலகு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற கட்டளைகளில் பல அந்தப் பகுதியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

ஒக்ஸ்போர்டில் டக்ளஸ் ஹிக்ஸ், ரிச்சர்ட் கிப்பன்ஸ் ஆகியோருடன் பணியாற்றிய மெத்தானந்த, மனிதக் குருதியின் மூலக் கலங்களை எடுத்து, கிரிஸ்பர் என்னும் கருவியினால் இந்த ஊக்கித் துண்டை வெட்டி நீக்கினார். கிரிஸ்பர் என்பது டீ.என்.ஏ. யில் குறித்த எழுத்துவரிசை எங்கே இருக்கிறதெனத் தேடிச் சென்று வெட்டும் கத்தரிக்கோல் போன்றது. அதை உருவாக்கியதற்காக இமானுவெல் ஷார்பொந்தியே, ஜெனிபர் டௌட்னா என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 2020 இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசைப் பெற்றார்கள்.

திருத்தப்பட்ட மூலக் கலங்கள் செங்குழியங்களாக வளர்ந்தபோது அல்பாவின் வெளிப்பாடு குறைந்திருந்தது, முற்றாக அணைந்துவிடவில்லை. தலசீமியா நோயாளரின் கலங்களில் இதைச் செய்தபோது சங்கிலிகளின் சமநிலை சீரடைந்தது. எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தபோது, திருத்தப்பட்ட கலங்களில் ஒரு பகுதி நீண்டகாலம் நிலைத்துக் குருதி உற்பத்தி செய்யக்கூடியவை என்பதும் தெரிந்தது. இந்த முடிவுகள் 2017 இல் நேச்சர் கொமியுனிகேஷன்ஸ் இதழில் வெளியாகின. இவை ஆய்வுகூடத்திலும் எலிகளிலும் கிடைத்த முடிவுகள் என்பதை மறக்கக் கூடாது. வைத்தியசாலையில் போய்க் கேட்டால் கிடைக்கும் சிகிச்சை அல்ல இது.

இன்னொரு பாதை: மூடிய பக்கத்தைத் திறத்தல்

இதே நோயை வேறொரு பக்கத்திலிருந்து அணுகியவர்களும் உண்டு. தலசீமியாக் குழந்தை பிறக்கும்போது ஆரோக்கியமாக இருக்கும் என்று முன்னர் சொன்னோம். அதற்குக் காரணம் என்ன? தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தை பீற்றாச் சங்கிலிக்குப் பதிலாகக் காமா என்னும் சங்கிலியைப் பயன்படுத்துகிறது. பிறந்து சில மாதங்களில் காமாவின் பக்கம் மூடப்பட்டு, பீற்றாவின் பக்கம் திறக்கப்படுகிறது. பீற்றாவில் குறை உள்ள பிள்ளைக்கு அப்போதுதான் நோய் வெளிப்படுகிறது.

பீற்றாச் சங்கிலியில் வரும் இன்னொரு பரம்பரை நோயான அரிவாளுருச் செங்குழிய நோயுள்ள குழந்தைகள், பிறந்த புதிதில் நோய்க்குறிகள் இல்லாமல் இருப்பதைக் கவனித்து, கருக்கால ஈமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்று 1948 இலேயே கூறியவர் ஜனெட் வொட்சன் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர். காமாவின் பக்கத்தை மூடுவது யார் என்பது அதன் பின்னும் அறுபது ஆண்டுகளுக்குத் தெரியாமலே இருந்தது. மலேசியாவைச் சேர்ந்த சுவீ லே தெய்ன் என்ற பெண் ஆய்வாளரின் குழு லண்டனில் பலரின் ஜீனோமை ஒப்பிட்டு, 2007 இல் 2 ஆம் நிறமூர்த்தத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டியது. 2008 இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஸ்டூவர்ட் ஓர்கினின் ஆய்வுகூடத்தில் மாணவராக இருந்த விஜய் சங்கரன், அந்த இடத்தில் உள்ள பீ.சீ.எல். 11ஏ என்னும் பரம்பரையலகே காமாவை அடக்கி வைக்கிறது என்று நிறுவினார். வளர்ந்தவர்களின் கலங்களில் அதைக் குறைத்தபோது, மூடியிருந்த காமாவின் பக்கம் மீண்டும் திறந்தது.

ஆனால் அந்தப் பரம்பரையலகு மூளை வளர்ச்சிக்கும் தேவையானது. ஆகவே உடல் முழுவதிலும் அதை அணைக்க முடியாது. 2013 இல் டேனியல் பவரும் ஓர்கினும் வேறு சிலரும், செங்குழியக் கலங்களில் மாத்திரம் அதைத் தூண்டும் ஊக்கித் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்தனர். அதை வெட்டினால் குருதியில் மட்டும் மாற்றம் நிகழும். அதையே அடிப்படையாகக் கொண்ட காஸ்ஜெவி என்னும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி வழங்கியது. கிரிஸ்பர் கருவியினால் உருவான சிகிச்சைகளில் உலகிலேயே முதலில் அனுமதி பெற்றது அதுதான். தொடர்ந்து இரத்தம் ஏற்றிவந்த தலசீமியா நோயாளரில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 35 பேரில் 32 பேர் ஓராண்டுக்கும் மேலாக இரத்தம் ஏற்றாமல் வாழ்ந்தார்கள் என்று 2024 இல் வெளியான அறிக்கை கூறியது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அமெரிக்காவில் அதன் விலை ஒரு நோயாளிக்கு 22 இலட்சம் டொலர். புதிய கலங்களுக்கு இடம் கொடுக்க, பழைய என்புமச்சையைக் கடும் மருந்தினால் அழிக்கவும் வேண்டும். இலங்கையின் சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி.

மெத்தானந்தவின் பிற ஆய்வுகளை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அல்பாவை இரசாயனச் சேர்வை ஒன்றினால் குறைக்க முடியுமா என்று அவர் தேடியிருக்கிறார். ஹைட்ரொக்சியூரியா என்னும் விலை குறைந்த, பழைய மருந்து இங்குள்ள நோயாளருக்கு உதவுமா என்பதை அவரும் சக ஆய்வாளர்களும் ராகமையில் முறையாகப் பரிசோதித்து, 2022 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கருக்கால ஈமோகுளோபின் கூடியது. ஆயினும் ஏற்ற வேண்டிய இரத்தத்தின் அளவு எல்லோருக்கும் திட்டவட்டமாகக் குறையவில்லை. எதிர்பார்த்தது முழுமையாகக் கிடைக்காவிட்டாலும் கிடைத்ததை அப்படியே எழுதுவது நல்ல ஆய்வின் இலக்கணம்.

நம் கையில் இருப்பது

சிகிச்சை தொலைவில் இருந்தாலும் தடுப்பு நம் அருகிலேயே இருக்கிறது. தலசீமியாக் காவி என்பவர் நோயாளி அல்லர். அவருக்கு ஒரு பீற்றாப் பரம்பரையலகு நல்லது, மற்றையது குறையுள்ளது. அவர் படிப்பார், வேலை செய்வார், மணம் முடிப்பார், பிள்ளை பெறுவார். இலங்கையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர் அளவில் இத்தகைய காவிகள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களிற் பெரும்பாலானோருக்குத் தாம் காவி என்பதே தெரியாது.

காவி ஒருவர் காவியல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்குத் தலசீமியா நோய் வராது. காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறப்பதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இதைச் சிலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். "மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது" என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படியல்ல. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான்.

சொந்தத்துக்குள் மணம் முடிப்பது முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். மார்க்கம் அதை அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் அவர் வழியாக ஒரே குறையுள்ள பரம்பரையலகு வந்திருக்கக் கூடும் என்பதால், இத்தகைய திருமணங்களில் இரு பக்கமும் காவியாக இருக்கும் சாத்தியம் கூடுதல். சொந்தத்தை ஒதுக்குங்கள் என்பது இதன் பொருளன்று. சொந்தமானாலும் பிறத்தியானாலும் முதலில் பரிசோதியுங்கள் என்பதே. சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன்னர் இந்தப் பரிசோதனை கட்டாயம். முடிவைப் பார்த்தபின் மணப்பதா, இல்லையா என்பது அவ்விருவரின் விருப்பம். ஈரானும் 1997 முதல் இத்தகைய தேசியத் திட்டத்தை நடத்திவருகிறது. தாயின் உயிரைக் காக்கும் தேவை தவிர்ந்த கருக்கலைப்புக்கு இலங்கைச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே நமது நாட்டில் இந்த அறிவு பயன்படவேண்டிய காலம் கர்ப்பத்துக்குப் பின் அல்ல, நிக்காஹ்வுக்கு முன்.

பரிசோதனை கடினமானதல்ல. முதலில் சாதாரண முழுக் குருதி எண்ணிக்கை. அந்த அறிக்கையில் எம்.சீ.வீ. 80 இற்குக் கீழும் எம்.சீ.எச். 27 இற்குக் கீழும் இருந்தால் செங்குழியங்கள் சிறியவை, வெளிறியவை என்று பொருள். இரும்புக் குறைபாட்டிலும் இவ்வாறு இருக்கும் என்பதால் பலர் வருடக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை விழுங்குகிறார்கள். உடலில் இரும்பு போதுமான அளவு இருந்தும் எண்கள் உயரவில்லை என்றால், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் அடுத்த பரிசோதனையைச் செய்ய வேண்டும். அதில் ஈமோகுளோபின் ஏ2 என்னும் வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருப்பது பீற்றா தலசீமியாக் காவி என்பதற்கான பிரதான அடையாளம். எந்த முடிவையும் வைத்தியரிடம் காட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். குருநாகலில் உள்ள தேசிய தலசீமியா நிலையம் இதற்கென்றே இயங்குகிறது.

பெற்றோரிடம் ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். மகள் காவி என்று அறிக்கை வந்ததும் அதை மறைத்துவிட நினைப்போர் இருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம் அது. அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. நம் சமூகத்தில் பேச்சுகள் எப்படிப் பரவும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் காவித்தன்மை பெண் வழியாக மட்டும் வருவதில்லை. நோயுள்ள குழந்தை பிறக்க உம்மாவிடமிருந்து ஒன்றும் வாப்பாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டு குறைகள் வேண்டும். பழியைப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டுவதற்கு விஞ்ஞானத்தில் எந்த ஆதாரமும் இல்லை. மகளின் அறிக்கையை மறைப்பதைவிட, மாப்பிள்ளையின் அறிக்கையையும் கேட்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. அவர் காவியல்லர் என்றால் அந்தப் பேச்சைத் தாராளமாகத் தொடரலாம். இருவரும் காவிகள் என்றால், திகதி குறித்து மண்டபம் பேசிய பின்னர் அறிவதைவிட, முதல் பேச்சிலேயே அறிந்துகொள்வது இரு குடும்பங்களின் மானத்துக்கும் நல்லது. அதனால், மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவதற்கு முன்னரே, க.பொ.த. உயர்தரம் முடிந்த கையோடு இந்தப் பரிசோதனையைச் செய்து அறிக்கையைப் பத்திரப்படுத்தி வைப்பது சாலச் சிறந்தது.

மாணவியருக்கு இன்னும் இரண்டு வார்த்தைகள். இந்த நோயின் வரலாற்றில் ஜனெட் வொட்சன், சுவீ லே தெய்ன், சாந்திமலா டி சில்வா என்று பெண்களின் பெயர்கள் தொடர்ந்து வருவதைக் கவனித்திருப்பீர்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் 1983 முதல் மனிதப் பிறப்புரிமையியல் பிரிவு இயங்குகிறது. பிறப்புரிமையியல் ஆலோசகராகவும் ஆய்வுகூட விஞ்ஞானியாகவும் நம் மொழியில் நம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் இந்நாட்டுக்கு நிறையத் தேவைப்படுகிறார்கள். அந்த இடம் உங்களில் ஒருவருக்காகக் காத்திருக்கிறது.

அதுவரைக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ராகமையிலும் குருநாகலிலும் இந்த மாதம் இரத்தம் ஏற்ற வரும் பிள்ளைகளுக்கு அந்த இரத்தத்தை எந்த ஆய்வுகூடமும் உற்பத்தி செய்து கொடுப்பதில்லை; யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்ததே அது. 18 வயது நிரம்பிய, உடல்நலமுள்ள எவரும் கொடுக்கலாம். நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த நிலையம் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தூரமில்லை.